கருத்துக்கணிப்பை நம்பும் முன்

தலைப்பை விட்டுவிட்டு, அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்: எத்தனை பேர், எந்தத் தேதிகளில், நேரிலா போனிலா, யார் காசு கொடுத்தது. அது இல்லாத கணிப்பைத் தள்ளிவிடலாம்.

குலுக்கல் முறையில் எடுத்த 1,000 பேர் என்றால் பிழை வரம்பு (கணிப்பு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு), கூட்டியோ குறைத்தோ, சுமார் 3 சதவீதம். ஒரு கட்சிக்கு 42 சதவீதம், இன்னொன்றுக்கு 39 என்று வந்தால் முன்னிலை என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு எண்ணும் ஆடும், இடைவெளியின் பிழை கிட்டத்தட்ட 6. அதில் ‘இளைஞர்கள்’ 100 பேர்தான் என்றால் பிழை 10ஐத் தொடும்.

ஆள் கூடினால் சரியாகுமா? 1936 அதிபர் தேர்தலுக்கு முன் கணிப்பு நடத்திய அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழுக்கு 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்றது இதழ். ஆனால் எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். அன்று வசதியானவர்களிடமே அதிகம் இருந்த டெலிபோன், கார் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்தது ஒரு கோளாறு. விருப்பப்பட்டவர்கள் மட்டும் பதில் போட்டது இன்னொன்று. வாட்ஸ்அப் வாக்கெடுப்புக்கும் இதே வியாதிதான்.