இரண்டு சர்வர், ஒரே தரவு: டிஆர்பிடி அமைக்கும் முறை

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் சர்வர் அறை என் பொறுப்பு. அறை என்றால் பழைய ஸ்டோர் ரூம்தான்: ஒரு ஏசி, ஒரு யூபிஎஸ், இரண்டு சர்வர். அவற்றில் ஓடும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நின்றால் எடைமேடையில் பஞ்சு லாரிகள் வரிசை கட்டிவிடும். தனியாக ஸ்டோரேஜ் வாங்கக் காசில்லை என்று முதலாளி கையை விரித்தபோது டிஆர்பிடி பக்கம் போனேன். வியன்னாவில் பிலிப் ரைஸ்னர் தொடங்கிய மென்பொருள் அது. 2010-ல் வந்த 2.6.33 லினக்ஸ் கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. ரெய்டு 1 ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்கில் எழுதுவதை, இது கேபிள் வழியாக இரண்டு பெட்டிகளில் எழுதுகிறது. நான் போட்டிருப்பது பதிப்பு 9.

முதலில் கேபிள். இரண்டு சர்வரின் உபரி நெட்வொர்க் போர்ட்டையும் நேரடியாக இணையுங்கள், நடுவில் ஸ்விட்ச் வேண்டாம். பிறகு இரண்டிலும் ஒரே அளவில் காலி எல்விஎம் வால்யூம் (லினக்ஸில் டிஸ்கிலிருந்து பிரித்தெடுக்கும் பகுதி) ஒன்று. டிஆர்பிடி தன் கணக்கை வால்யூமின் கடைசியில் எழுதிக்கொள்ளும். 1 டிபிக்குச் சுமார் 32 எம்பி போகும். ஏற்கெனவே தரவு இருக்கும் வால்யூமில் இதைச் செய்தால் வால் பகுதி அழியும்.

டிஆர்பிடியின் அமைப்புகளை எழுதும் ரிசோர்ஸ் ஃபைலை இரண்டு பெட்டியிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி வையுங்கள். அதில் எழுதும் சர்வர் பெயர், 'யூநேம் -என்' கட்டளை காட்டும் பெயராகவே இருக்க வேண்டும். இதில் ஒரு மதியம் முழுக்கத் தொலைத்தேன். போர்ட் 7789, புரோட்டோகால் (எப்போது 'எழுதியாச்சு' என்று சொல்வது என்ற விதி) சி. 'ஏ' வேகமானதுதான், ஆனால் அனுப்பும் பஃபரில் விழுந்ததுமே 'எழுதியாச்சு' என்று சொல்லிவிடும். அந்த நொடியில் பெட்டி செத்தால் கடைசி பில் போச்சு. 'சி' இரண்டு டிஸ்கிலும் விழுந்த பிறகே தலையாட்டும்.

இரண்டிலும் டிஆர்பிடியின் கணக்கை எழுத 'கிரியேட்-எம்டி' கட்டளை, பிறகு இயக்க 'அப்'. ஸ்டேட்டஸில் இரு பக்கமும் 'இன்கன்சிஸ்டென்ட்' (தரவு இன்னும் ஒத்துப்போகவில்லை) என்று வரும், பயப்பட வேண்டாம். ஒன்றில் மட்டும் 'பிரைமரி --ஃபோர்ஸ்' கொடுத்தால் அது பிரைமரி (எழுதும் பெட்டி) ஆகி, அதிலிருந்து மற்றதற்கு, அதாவது செகண்டரிக்கு, பிரதி ஓடும். 1 கிகாபிட் கேபிளில் 500 ஜிபிக்கு ஒன்றேகால் மணி நேரம். ஃபைல்சிஸ்டத்தை டிஆர்பிடி சாதனத்தின் மேல்தான் உருவாக்க வேண்டும், அடியில் உள்ள வால்யூமின் மேல் அல்ல. செகண்டரியில் மவுண்ட் செய்தால் 'ராங் மீடியம் டைப்' என்று மறுக்கும். அது பழுதல்ல, காவல். எக்ஸ்டி4-ஐ இரு பக்கமும் ஒரே நேரத்தில் மவுண்ட் செய்தால் ஃபைல்சிஸ்டமே நாசமாகும்.

இனி பேஸ்மேக்கர்: ஒரு பெட்டி விழுந்தால் சர்வீஸை மற்றதில் தொடங்கும் மென்பொருள். எஃப்எஸ்டேப் (துவக்கத்தில் தானாக மவுண்ட் செய்யும் பட்டியல்) வரியையும் போஸ்ட்கிரெஸின் தானியங்கித் தொடக்கத்தையும் எடுத்துவிடுங்கள். டிஆர்பிடியை புரோமோட்டபிள் குளோனாக (இரண்டிலும் ஓடி, ஒன்று மட்டும் பிரைமரியாக உயரும் வகை) அதில் சேர்த்துவிடுங்கள்: குளோன்-மேக்ஸ் 2, புரோமோட்டட்-மேக்ஸ் 1, நோட்டிஃபை ட்ரூ. ஃபைல்சிஸ்டம், போஸ்ட்கிரெஸ், மிதக்கும் ஐபி (சர்வீஸ் ஓடும் பெட்டியோடு நகரும் முகவரி) மூன்றும் ஒரே குரூப். குரூப் பிரைமரி இருக்கும் பெட்டியிலேயே ஓட ஒரு விதி, புரோமோட் ஆன பிறகே தொடங்க இன்னொரு விதி. இரண்டும் தேவை.

இவ்வளவும் ஒரு நாள் வேலை. நான் கோட்டை விட்டது ஸ்டோனித்தில்: பதில் தராத பெட்டியை மற்றது வலுக்கட்டாயமாக அணைக்கும் ஏற்பாடு அது. 'இப்போதைக்கு ஸ்டோனித்தை அணைத்து வை' என்று எங்கோ படித்து அப்படியே விட்டுவிட்டேன். எதிர்ப் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கோரோசிங்க்கும் அந்த ஒற்றைக் கேபிளில்தான் பேசிக்கொண்டிருந்தது. ஏசி சர்வீஸுக்கு வந்தவர் ரேக்கை நகர்த்தினார், கேபிள் கழன்றது. எதிராளி செத்துவிட்டான் என்று இரண்டு பெட்டியும் முடிவு கட்டி, இரண்டும் பிரைமரி ஆகி, இரண்டும் ஒரே ஐபியைப் பிடித்தன. எடைமேடைப் பதிவுகள் ஒன்றில், ஸ்டோர் பதிவுகள் மற்றதில். இதுதான் ஸ்பிளிட் பிரெயின்.

மீட்டது இப்படி. தோற்க வேண்டிய, அதாவது தன் தரவைக் கைவிடப்போகும், பெட்டியிலிருந்து முதலில் முழு டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுத்தேன். இதை மறந்தால் திரும்ப வழியில்லை. பிறகு அங்கே போஸ்ட்கிரெஸை நிறுத்தி, அன்மவுண்ட் செய்து, 'டிஸ்கனெக்ட்', 'செகண்டரி', 'கனெக்ட் --டிஸ்கார்ட்-மை-டேட்டா'. ஜெயித்ததில் 'கனெக்ட்'. விடுபட்ட எடைச் சீட்டுகளை இரவு முழுக்கக் கையால் ஏற்றினோம்.

இப்போது கோரோசிங்க்குக்கு இரண்டு பாதை: நேர் கேபிள், அலுவலக லேன். ஐபிஎம்ஐ (சர்வருக்குள்ளேயே இருக்கும் தொலைக் கட்டுப்பாட்டுச் சில்லு) வழியே ஒன்று மற்றதன் மின்சாரத்தை அணைக்கும். ஒரே நேரத்தில் இருவரும் சுட்டுக்கொள்ளாமலிருக்க ஒன்றுக்கு மட்டும் சில நொடி தாமதம். டிஆர்பிடியில் ஃபென்சிங் (எதிர்ப் பெட்டியை ஒதுக்கிவைப்பது) 'ரிசோர்ஸ்-அண்ட்-ஸ்டோனித்', கூடவே அதைச் செய்யும் ஃபென்ஸ்-பியர் ஹேண்ட்லர் ஸ்கிரிப்ட். ஒரு ஓட்டை உண்டு: சர்வரின் பவர் கேபிளே போனால் ஐபிஎம்ஐயும் சேர்ந்து சாகும், ஃபென்சிங் தோற்கும், கிளஸ்டர் (இரு பெட்டிகளின் கூட்டு) காத்தே கிடக்கும். அதற்காக, பெட்டிக்கு வரும் மின்சாரத்தை வெளியிலிருந்தே வெட்டும் பிடியூ ஒன்றை இரண்டாம் நிலையாக வைத்தேன். கோரோசிங்க்கின் 'டூ-நோட்' அமைப்பில், இரண்டும் அணைந்த பிறகு ஒன்று மட்டும் எழுந்தால் மற்றதைப் பார்க்கும்வரை சர்வீஸைத் தொடங்காது. நீண்ட பவர் கட்டுக்குப் பின் இது பழுது போலவே தெரியும்.

சோதிக்க ரீபூட் போதாது, பவர் கேபிளைப் பிடுங்குங்கள். ஆலைக்குச் சொல்லிவிட்டுத்தான்.

யாராவது டேபிளை அழித்தால் அந்த அழிவும் அதே நொடியில் அடுத்த பெட்டிக்குப் போய்விடும். அதனால் இரவு டம்ப் வேறு கட்டடத்துக்குப் போகிறது. மாதம் ஒரு ஞாயிறு, இரு பக்கத் தரவும் ஒன்றுதானா என்று பார்க்க 'வெரிஃபை' ஓட்டுகிறேன். ரிசோர்ஸ் ஃபைலில் வெரிஃபை-ஆல்க் (ஒப்பிடும் முறை) இருந்தால்தான் ஓடும். லாகில் 'அவுட் ஆஃப் சிங்க்' வந்தால் ஒருமுறை டிஸ்கனெக்ட் செய்து கனெக்ட் செய்தால் மாறிய பிளாக்குகளை மட்டும் சரிசெய்துகொள்ளும்.