மணி அடித்தால் உள்ளேயா, வெளியேயா? வடசென்னைப் பள்ளிகளுக்கான ஆபத்துக்கால ஏற்பாடு

பள்ளிகளில் ஒத்திகை என்றால் பெரும்பாலும் தீ ஒத்திகைதான். நீள மணி, வரிசை, மைதானம், தலைக்கணக்கு. தீக்கு அது சரி. ஆலைகள் நிறைந்த எண்ணூர், மணலி பக்கமிருந்து விஷ வாயு வந்தால் அதே மணி பிள்ளைகளை நெடிக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்திவிடும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பம் கடலோரத்தில் அமோனியா குழாய் கசிந்தது. இரவு, அதுவும் அரையாண்டு விடுமுறை, பள்ளிகள் தப்பின. இன்னொரு முறை பகலிலும் வரலாம்.

ஆகவே முதல் வேலை, இரண்டு சைகைகளைப் பிரித்துவைப்பது. விடாமல் அடிக்கும் மணி என்றால் வெளியே. மும்மூன்றாக விசில் என்றால் உள்ளே. மின்மணியை நம்பக் கூடாது. கரண்ட் போனால் அது ஊமை. சத்துணவுக் கூடத்தில் சிலிண்டர் கசிந்தால் எந்த சுவிட்சையும் தொடவும் கூடாது. கைமணி ஒன்று, மாடிக்கு ஒரு விசில், எல்லாம் ஆணியில் தொங்கட்டும், பீரோவுக்குள் வேண்டாம்.

எந்தச் சைகை என்பதை நெடி கிளம்பும் இடம் சொல்லும். பள்ளிக்குள்ளிருந்து (ஆய்வகம், சமையற்கூடம், சாக்கடை) என்றால் வெளியேற வேண்டும். வெளியிலிருந்து என்றால் வகுப்பிலேயே இருக்க வேண்டும். ஜன்னல், கதவுகளை மூடி, மின்விசிறியை நிறுத்தி, கதவின் கீழ் இடுக்கில் ஈரத்துணி திணிக்கவும். அமோனியா தண்ணீரில் கரையும். நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்தால் ஓரளவு காக்கும். காற்றை விட லேசான வாயுதான், ஆனால் ஈரக்காற்றில் வெண்புகையாகத் தரையோடு படரும். அதனால் சின்னப் பிள்ளைகள்தான் முதலில் திணறுவார்கள். கண் எரிந்தால் கசக்க விடாமல் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவவும். ஆஸ்துமா பிள்ளைகளின் பெயரும் இன்ஹேலரும் வகுப்பாசிரியரிடம் இருக்க வேண்டும்.

மொட்டைமாடிக் கம்பத்தில் ஒரு முழத் துணி கட்டிவையுங்கள், காற்றின் திசை தெரியும். கடற்காற்று எழும்புவதற்கு முன், காலையில் பெரும்பாலும் நிலக்காற்று மேற்கிலிருந்து வரும். திருவொற்றியூருக்கு அது மணலிக் காற்று. வெளியேறியே ஆகவேண்டும் என்றால் காற்றுக்குக் குறுக்காக நடத்திச் செல்லவும். காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

காரணம் தெரியட்டும் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. 2024 அக்டோபரில் திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றில் மாணவிகள் மயங்கியபோது எங்கிருந்து வந்த நெடி என்பது உடனே பிடிபடவில்லை. இருவருக்குத் தொண்டை எரிந்தாலே சைகை கொடுக்கலாம். மேலிடத்து அனுமதி அதற்குத் தேவையில்லை. சைகை முதலில், 112-க்கும் 108-க்கும் போன் அடுத்து, கல்வி அலுவலகம் பிறகு. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தால் யார் முடிவெடுப்பது? மூன்று பெயர்களை வரிசையாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

அடுத்த சிக்கல் வாசலில் தொடங்கும். வாட்ஸ்அப்பில் செய்தி பரவியதும் பெற்றோர் திரண்டுவிடுவார்கள். ஷேர் ஆட்டோவும் வேனும் தெருவை அடைத்துவிட்டால் ஆம்புலன்ஸ் நுழையாது. ஒரு கேட் பிள்ளைகளை ஒப்படைக்க, இன்னொன்று வண்டிக்கு மட்டும். ஒரே கேட் உள்ள பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுவினர் இருவர் தெருமுனையிலேயே வண்டிகளை நிறுத்தட்டும். ஒப்படைக்கும் நோட்டில் பிள்ளை பெயர், அழைத்துப்போகிறவர், உறவு, நேரம், கையெழுத்து வேண்டும். "பக்கத்து வீட்டு அக்கா" என்று பிள்ளை சொன்னால் போதாது. பெற்றோர் முன்பே எழுதிக்கொடுத்த பெயராக இருக்க வேண்டும். செயலியில் போட்ட வருகைப்பதிவு நெட்வொர்க் இல்லாதபோது திறக்காது. காகிதப் பட்டியல் கட்டாயம், பெற்றோரின் இரண்டு எண்களோடு.

தீக்குச் சொல்ல அதிகமில்லை. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பறித்த தீ, கீற்று வேய்ந்த சமையலறையில் பிடித்தது. பள்ளி நேரத்தில் எந்த கிரில் கேட்டுக்கும் பூட்டு கூடாது. சாவி வாட்ச்மேன் பையில் இருக்கிறது என்பதெல்லாம் பதிலாகாது.

வெள்ளம் முன்னறிவித்து வருவதால் வேலையை முந்தைய நாளே முடிக்கலாம். சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாம் முதல் மாடிக்கு, பிளாஸ்டிக் உறையில். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பூட்டுங்கள். நிவாரண முகாமாகும் பள்ளி என்றால் எந்த அறைகள் முகாமுக்கு, எவை பூட்டியிருக்கும் என்பதை முன்பே பேசி வைக்கவும். வெள்ளம் வடிந்து பள்ளியைத் திறப்பதற்கு முன் எலக்ட்ரீஷியன் சரிபார்க்காமல் சுவிட்சைப் போடக் கூடாது. சம்ப்பைக் காலிசெய்து தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் விடவும். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. 2023 டிசம்பரில் எர்ணாவூர்ப் பக்கம் வந்ததுபோல எண்ணெய் கலந்த வெள்ளம் என்றால் குளோரின் உதவாது. பரிசோதனை முடியும்வரை லாரித் தண்ணீர்தான். தேங்கிய நீருக்கும் குப்பைக்கும் மாநகராட்சியின் 1913.

ஒத்திகையை ஒரு முறையாவது மதிய இடைவேளையில், சொல்லாமல் நடத்துங்கள். அப்போது பிள்ளைகள் கழிப்பறையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் சிதறி இருப்பார்கள். தன் வகுப்பைத் தேடி ஓடுவது இயல்பு. விசில் கேட்டால் பக்கத்தில் இருக்கும் அறைக்குள் நுழைய வேண்டும், அந்த அறையில் இருக்கும் ஆசிரியர், உள்ளே வந்த பிள்ளைகளின் பெயர்களைத் துண்டுத்தாளில் எழுதி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதை அன்றுதான் பழக்க முடியும்.