மேடைக்கு ஹார்மனைசர் வாங்கும் முன்: அந்தப் பெட்டிக்குக் கார்டை யார் சொல்வது?

ஹார்மனைசர் என்பது பாடுபவரின் குரலோடு கூடவே துணைக்குரல் சேர்த்துப் பாடும் பெட்டி. அதை வாங்கலாமா என்று கேட்டு வரும் பாடகர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெட்டிக்குக் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை (chord), யார் சொல்லப் போகிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த மாடல் என்பது பாதி முடிவாகிவிடும். பதில் தெரியாமல், விலையையும் எத்தனை எஃபெக்ட் இருக்கிறது என்பதையும் மட்டும் பார்த்து வாங்கினால் நல்ல கருவியே மேடையில் காலை வாரிவிடும்.

நான் பாளையங்கோட்டையில் சர்ச் குவயரில் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடி வளர்ந்தவள். இப்போது மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன், சில பாட்டுகளுக்கு கிட்டாரும் நானே வாசிப்பேன். கோயில் கொடை, கல்யாண ரிசப்ஷன், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்று மேடை மாறிக்கொண்டே இருக்கும். கோரஸுக்கென்று தனியாக ஆள் கூட்டிப் போகும் நிகழ்ச்சிகள் குறைந்துவிட்டன. வண்டி வாடகையும் சம்பளமும் கட்டுப்படியாவதில்லை. அதனால்தான் இந்தப் பெட்டி தேவைப்படுகிறது. ஆனால் ஒன்று, செகண்ட் வாய்ஸ் (துணைக்குரல்) பாடத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் மைக்கை அவரிடம் கொடுங்கள். நீங்கள் ஒரு சொல்லை இழுத்தால் அவரும் இழுப்பார், நீங்கள் மூச்சு எடுக்கும் இடத்தில் அவர் தாங்கிக்கொள்வார். அப்படி ஆள் இல்லாத மேடைக்குத்தான் ஹார்மனைசர்.

பெட்டி செய்வது இதுதான். நீங்கள் பாடும் சுரத்தைக் கண்டுபிடித்து, உங்கள் குரலையே நகல் எடுத்து, மேலேயோ கீழேயோ நகர்த்தி, கூடவே பாட வைக்கும். எவ்வளவு நகர்த்துவது என்பதில்தான் சிக்கல். ஈவென்டைட் நிறுவனம் 1975இல் வெளியிட்ட எச்910 போன்ற ஆரம்பகாலக் கருவிகள் எப்போதும் ஒரே அளவுதான் நகர்த்தும். சி மேஜர் பாட்டில் (ஸ என்பது சி, ம என்பது எஃப்) அப்படி நாலு அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கீகளின் இடைவெளி ஒரு அரைச்சுரம்) மேலே வைத்தீர்கள் என்றால், ஸ பாடும்போது க வரும், அழகாக இருக்கும். அடுத்து ரி பாடினால் எஃப் வர வேண்டிய இடத்தில் எஃப் ஷார்ப் வந்து நிற்கும். மேஜருக்கு ஒப்பான சங்கராபரணத்துக்குள், அதன் மவை விட அரைச்சுரம் உயர்ந்த பிரதி மத்யமம் புகுந்த மாதிரி, சபையில் இருக்கும் எல்லாருக்கும் உறுத்தும். ஏனென்றால் ஸவிலிருந்து கவுக்கு நாலு அரைச்சுரம், ரியிலிருந்து மவுக்கு மூன்றுதான். எங்கே மூன்று, எங்கே நாலு என்று கருவிக்குத் தெரிய வேண்டும். அதைத் தெரிவிக்கும் வழியை வைத்துத்தான் பிறகு வந்த மாடல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வழி, பாட்டுக்கு முன்னால் ஸ்கேலை (பாட்டின் சுர வரிசையை) நாமே வைப்பது. பாஸ் (Boss) நிறுவனத்தின் விஇ-20 இந்த வகை. மைக் மட்டும்தான் உள்ளே போகும், கிட்டாருக்கு ஜாக் கிடையாது. கட்டைக் கணக்கில் பழகியவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 1 கட்டை சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. ஒன்றரை சி ஷார்ப், இரண்டரை டி ஷார்ப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப், ஆறரை ஏ ஷார்ப். கருவியின் திரையில் இரண்டரைக்கு இ ஃப்ளாட் என்றும் ஆறரைக்கு பி ஃப்ளாட் என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே. கட்டை ஸவை மட்டும்தான் சொல்லும், மேஜரா மைனரா என்பதைக் கீபோர்டு வாசிப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கருவியில் மேஜர் மட்டும் இருந்தாலும் சமாளிக்கலாம்: ஏ மைனருக்கும் சி மேஜருக்கும் சுரங்கள் ஒன்றுதான், அதனால் மைனர் பாட்டுக்கு அதிலிருந்து மூன்று அரைச்சுரம் மேலே இருக்கும் மேஜரை வையுங்கள்.

இந்த வழி நேரான மெட்டுகளுக்குப் போதும். மாட்டிக்கொள்ளும் இடம் எங்கே என்றும் சொல்கிறேன். ஏ மைனர் பாட்டில் நடுவே இ மேஜர் கார்ட் வந்தால் அதில் ஜி ஷார்ப் உண்டு. ஸ்கேலை மட்டும் நம்பியிருக்கும் பெட்டி வெறும் ஜி-யைப் பாடும். கீபோர்டில் ஜி ஷார்ப், ஸ்பீக்கரில் ஜி என்று இரண்டும் இடிக்கும். நம் சினிமாப் பாட்டுகளில் இது தள்ளிவிடக்கூடிய விஷயமே இல்லை, மைனர் பாட்டில் பல்லவி முடியும் இடத்தில் இந்தக் கார்ட் அடிக்கடி வரும்.

ராகத்தை ஒட்டிய மெட்டு என்றால் இன்னும் கவனம் வேண்டும். மோகனத்தில் ஸ ரி க ப த, ஐந்தே சுரம். பெட்டியில் மேஜர் வைத்து, மேலே மூன்றாவது சுரம் என்று விட்டால், ஸவுக்கு க, கவுக்கு ப, தவுக்கு மேல் ஸ, மூன்றும் சரி. ரிக்கு ம வரும், பவுக்கு நி வரும். ராகத்திலேயே இல்லாத இரண்டு சுரம் உங்கள் குரலிலேயே கேட்கும். மாயாமாளவகௌளை மாதிரி ராகத்துக்கு மேஜரும் பொருந்தாது, மைனரும் பொருந்தாது. அந்த இடத்தில் ஹார்மனியை அணைத்துவிட்டுத் தனிக்குரலில் பாடுவதுதான் மரியாதை.

இரண்டாவது வழி, கிட்டாரை உள்ளே கொடுப்பது. கிட்டார் கேபிள் பெட்டிக்குள் போய், இன்னொரு ஜாக் வழியாக ஆம்பிளிஃபயருக்கோ மிக்ஸருக்கோ வெளியே வரும். நீங்கள் அடிக்கும் கார்டைப் பெட்டி கேட்டு, அதற்கேற்ப ஹார்மனியை மாற்றும். பாஸ் விஇ-2, விஇ-8, டிசி ஹெலிகான் ஹார்மனி சிங்கர் எல்லாம் இப்படி வேலை செய்பவை. விஇ-8இல் கிட்டாருக்கும் குரலுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு, தனியாளாகப் பாடி வாசிப்பவர்களுக்கு அது வசதி. கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை உயர்த்தும் கிளிப்) போட்டாலும் கவலையில்லை, பெட்டி கேட்பது உண்மையில் ஒலிக்கும் சத்தத்தைத்தான், உங்கள் விரல் எந்தக் கார்டில் இருக்கிறது என்பதை அல்ல. மேலே சொன்ன இ மேஜர் சங்கடமும் இதில் தீர்ந்துவிடும். நானே கிட்டார் வாசித்துப் பாடும் பாட்டுகளுக்கு இதைத் தவிர வேறு வழியை நான் தேடுவதில்லை.

ஆனால் மெல்லிசைக் குழுவில் பாடுபவர் ஒருவர், கிட்டார் வாசிப்பவர் வேறொருவர். அவர் மேடையின் மறுபக்கம் நிற்பார். கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் அவருடைய டிஐ பாக்ஸில் த்ரூ என்று ஒரு வெளிவழி இருக்கும், அதிலிருந்து ஒரு கேபிள் இழுத்து உங்கள் பெட்டிக்குக் கொண்டு வரலாம். அதற்கு முன் அவரிடம் கேளுங்கள், "அண்ணே, இந்தப் பாட்டுக்கு முழுக் கார்ட் அடிப்பீங்களா, இல்ல லீட் மட்டுமா?" ஒற்றைச் சுரமாக லீட் வாசித்தால் பெட்டிக்குக் கார்ட் பிடிபடாது, தப்பான ஹார்மனி வரும். டிஸ்டார்ஷன் போட்ட சத்தத்தை எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம், சுத்தமான சத்தமே கொடுங்கள்.

மூன்றாவது வழி கீபோர்டு. மிடி கேபிள் மூலம் கீபோர்டில் எந்தக் கீகள் அழுத்தப்படுகின்றன என்று பெட்டிக்கு நேரடியாகத் தெரிவிக்கலாம். டிசி ஹெலிகான் வாய்ஸ்லைவ் 3 போன்ற பெரிய பெட்டிகளில் இந்த வசதி உண்டு. சத்தத்தைக் கேட்டு ஊகிக்க வேண்டியதில்லை என்பதால் தடுமாற்றம் குறைவு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சோதியுங்கள். நம் கீபோர்டு ஆட்கள் ஸ்கேலை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தான் போட்டுத்தான் பாதிப் பாட்டு வாசிப்பார்கள். அந்த மாற்றம் மிடியில் வெளியே வருகிறதா, உள்ளே சத்தத்தில் மட்டும் நிற்கிறதா என்பது கீபோர்டுக்குக் கீபோர்டு மாறும்.

ட்ராக் போட்டுப் பாடுபவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. டிசி ஹெலிகான் வாய்ஸ்லைவ் ப்ளே மாதிரிக் கருவிகளில் ஆக்ஸ் ஜாக் வழியாகப் பாட்டு ட்ராக்கை உள்ளே கொடுத்தால் அதிலிருந்தே ஸ்கேலைப் பிடித்துக்கொள்ளும். அதிலேயே அறையின் சத்தத்தைக் கேட்க ரூம்சென்ஸ் என்று சிறு மைக்குகளும் உண்டு. வீட்டில் கிட்டாரோடு உட்கார்ந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். பக்கத்தில் ரிதம் பேடும் தவிலும் முழங்கும் மேடையில் அதை நம்பாதீர்கள்.

வழி முடிவானதும் அடுத்து மைக். ஹார்மனைசர் மைக்குக்கும் மிக்ஸருக்கும் நடுவில் உட்காரும். ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் என்றால் பிரச்சினை இல்லை. கண்டென்சர் மைக் என்றால் ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம்) வேண்டும், மிக்ஸரிலிருந்து வரும் 48 வோல்ட் நடுவிலிருக்கும் பெட்டியைத் தாண்டி மைக்குக்குப் போகாது. பெட்டியே தர வேண்டும். அதனால் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மிக்ஸரில் உங்கள் சேனலின் ஃபேன்டமை அணைக்கச் சொல்லி சவுண்ட்காரரிடம் சொல்லிவிடுங்கள். டூயட்டில் இரண்டு மைக்கையும் சேர்த்து ஒரே பெட்டிக்குள் விடாதீர்கள். பெட்டியால் ஒரு நேரத்தில் ஒரு குரலைத்தான் பின்தொடர முடியும்.

கமகத்தைப் பற்றி (சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடுவது) தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு விமர்சன வீடியோக்களில் இதைப் பற்றிப் பேச்சே இருக்காது. நாம் கவிலிருந்து மவுக்கு வழுக்கும்போது, பெட்டி நடுவில் எங்கோ ஓரிடத்தில், இது இனி ம என்று முடிவெடுத்து ஹார்மனியை அடுத்த சுரத்துக்குத் தள்ளும். குரல் அந்த எல்லையில் அசைந்தால் ஹார்மனி அங்குமிங்கும் தத்தும். கேட்பவர்களுக்கு அது ரோபோ மாதிரித் தெரியும். நல்ல கருவியில் இந்தத் தாவல் மிருதுவாக இருக்கும், மலிவானதில் வெட்டு விழும். கடையில் இதைச் சோதிக்க எளிய வழி: ஹார்மனியை ஏற்றி வைத்துக்கொண்டு ஸவிலிருந்து ப வரைக்கும் ஒரே மூச்சில் மெதுவாக இழுத்துப் பாடுங்கள். பிறகு க-ம-க-ம என்று கமகமாக அசைத்துப் பாடுங்கள். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் "சின்னஞ்சிறு சிட்டு" என்பது போல சகரம் நிறைந்த வரியைப் பாடிப் பாருங்கள், சீறல் மூன்று மடங்காகக் கேட்டால் அந்தக் கருவி வேண்டாம். மெல்லிய குரலில் கீழ்ச் சுரமும் பாடிப் பாருங்கள், அங்கேதான் நிறையப் பெட்டிகளுக்குச் சுரம் பிடிபடாமல் தடுமாறும். உங்கள் மைக்கையும் உங்கள் பாட்டையும் கொண்டு போய் இதையெல்லாம் செய்யுங்கள்.

எந்தக் கருவியானாலும் கமகம் உள்ள வரியில் ஹார்மனி வேண்டாம். பல்லவியின் கடைசி வரி, எல்லாரும் சேர்ந்து பாடும் கோரஸ் வரி, நீட்டி நிறுத்தும் சுரம், இந்த இடங்களுக்கு மட்டும் வையுங்கள். அதனால் ஃபுட்சுவிட்ச்தான் இந்தப் பெட்டியின் உயிர். மிதித்தால் உடனே வர வேண்டும், எடுத்தால் சத்தமில்லாமல் போக வேண்டும். பெண்களுக்கு ஒரு நடைமுறை விஷயம்: பட்டுச் சேலை கட்டி மேடையேறினால் கொசுவம் பெடலை மூடிவிடும், எங்கே மிதிக்கிறோம் என்றே தெரியாது. ஒற்றைப் பெரிய பொத்தான் உள்ள பெட்டி நல்லது. இல்லையென்றால் மைக் பிடியிலேயே பொத்தான் உள்ள ஏற்பாடு பாருங்கள். டிசி ஹெலிகானின் எம்பி-75 மைக் அந்த நிறுவனத்தின் பொருத்தமான பெட்டிகளோடு அப்படி வேலை செய்யும்.

எத்தனை குரல் வேண்டும்? மேலே ஒன்று, தேவைப்பட்டால் கீழே ஒன்று. அவ்வளவுதான். எட்டுக் குரல் வரை அடுக்கும் கருவிகள் உண்டு, மேடையில் அது குழப்பமான இரைச்சலாகிவிடும். ஹார்மனியின் அளவைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, காதில் தனியாகக் கேட்கத் தொடங்கியதும் ஒரு துளி குறைத்துவிடுங்கள். குவயரில் ஆல்டோவுக்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்: மேல்குரலான சொப்ரானோவை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், அதைத் தாண்டிக் கேட்கக் கூடாது.

மின்சாரத்தில் அலட்சியம் வேண்டாம். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் வாங்கி வரும் பெட்டியோடு 120 வோல்ட் அடாப்டர் வந்திருக்கலாம், நம் ஊர் 230 வோல்ட்டில் சொருகினால் கருகிவிடும். வேறு அடாப்டர் வாங்கும்போது வோல்ட், ஆம்பியர், நடு முனை பிளஸ்ஸா மைனஸா என்ற மூன்றையும் பெட்டியின் பின்பக்கத்தில் பார்த்து வாங்குங்கள். ஜெனரேட்டரில் ஓடும் கொடை மேடைகளில் எனக்கு நிம்மதி தருவது பேட்டரி. விஇ-2, விஇ-20 இரண்டும் சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடும். பழைய பெட்டி வாங்கினால் ஃபுட்சுவிட்சைப் பல முறை மிதித்துப் பாருங்கள், எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள்) சாக்கெட்டை ஆட்டிப் பாருங்கள், அந்த இரண்டு இடமும்தான் முதலில் தேயும்.

சவுண்ட் செக்கில் ஹார்மனியோடு ஒரு கோரஸ் வரியை முழுச் சத்தத்தில் பாடுங்கள். குரல்கள் கூடும்போது மானிட்டர் ஊளையிட வாய்ப்பு அதிகம், அதை அப்போதே சரி செய்துவிடலாம். பாட்டுகளுக்கு நடுவே பேசும்போது ஹார்மனி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, பெட்டியை மைக் ஸ்டாண்டின் அடியிலேயே வையுங்கள். பாதிப் பாட்டில் பெட்டி செத்துப்போனால், அதன் பின்னால் இருக்கும் இரண்டு எக்ஸ்எல்ஆர் கேபிளையும் உருவி ஒன்றோடொன்று சொருகினால் மைக் நேராக மிக்ஸருக்குப் போய்விடும். எந்த இரண்டு கேபிள் என்று இருட்டிலும் தெரியும்படி அவற்றில் வெள்ளை டேப் ஒட்டி வையுங்கள்.