‘ரத்தம் தேவை’ செய்தியைப் பகிரும் முன்

“அவசரம், ஓ நெகட்டிவ் தேவை” என்று வாட்ஸ்அப்பில் வந்தால் முதலில் அந்தச் செய்தியின் மேல்பகுதியைப் பாருங்கள். இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது 5 கை மாறி வந்திருக்கிறது.

அடுத்தது தேதி. “நாளை காலை ஆபரேஷன்” என்றால் எந்த நாளை? பெரிய ஓட்டை இதுதான். தேதியில்லாத செய்தி மாதக்கணக்கில் சுற்றும். நோயாளி வீடு திரும்பிய பிறகும் அந்தக் குடும்பத்துக்கு போன் ஓயாது, பாவம்.

கொடுத்திருக்கும் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். எடுக்காவிட்டால் மருத்துவமனை ரத்த வங்கியைக் கேளுங்கள். உறுதியானால் ஃபார்வர்டு செய்யாமல் புதிதாக டைப் செய்யுங்கள்: ரத்த வகை, எத்தனை யூனிட், மருத்துவமனை, ஊர், தேதி, நேரம். தேவைப்படுவது பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) என்றால் அதையும் சொல்லுங்கள். அது சுமார் 5 நாள்தான் தாங்கும். அந்த ஊர்க்காரர்கள் உள்ள குரூப்புக்கு மட்டும் அனுப்புங்கள். ரத்தம் கிடைத்ததும் அங்கேயே “கிடைத்துவிட்டது” என்று போடுங்கள்.