பள்ளத்தில் விழுந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவேரிப்பட்டணத்தில் சர்வீஸ் ரோட்டில் இறங்கிய இடம். முந்தின நாள் நல்ல மழை. தண்ணீர் தேங்கிக் கிடந்தது கண்ணில் பட்டது. அதற்குக் கீழே ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் இருந்தது கண்ணில் படவில்லை. ‘டமார்’ என்று ஒரு சத்தம், ஸ்டீயரிங்கில் ஒரு உதறல். மீட்டரைப் பார்த்தேன், ஒரு விளக்கும் எரியவில்லை. தப்பித்தோம் என்று நினைத்து, தருமபுரி வரை 30 கிலோமீட்டருக்கு மேல் அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன்.

பள்ளம் எனக்கு வைத்தது ஒரு ரிம், ஒரு டயர், ஒரு ஆயில் சேம்பர் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) செலவுதான். மீதிச் செலவெல்லாம் அந்த 30 கிலோமீட்டரிலும் அதற்குப் பிறகான இரண்டு நாளிலும் நானே வரவழைத்துக்கொண்டது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. என்னுடையது 2012 மாடல் பி.எம்.டபிள்யூ. இசட்4, பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆனால் சொல்லப்போவது ஆடி டி.டி., மஸ்டாங் என்று தாழ்ந்து நிற்கும் எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

முதலில், இந்த வண்டிகள் ஏன் இவ்வளவு சீக்கிரம் அடி வாங்குகின்றன? டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். என் வண்டியின் முன் டயர் 225/40 ஆர்18. அகலம் 225 மில்லிமீட்டர், அதில் 40 சதவீதம் டயரின் கன்னத்து உயரம். அதாவது 90 மில்லிமீட்டர். 215/75 டயர் போட்ட பொலேரோவுக்கு அதே கணக்கில் 161 வரும். பொலேரோ பள்ளத்தில் இறங்கினால் அடியை டயர் வாங்கிக்கொள்கிறது. நம் வண்டி இறங்கினால் டயர் நசுங்கி, ரிம் நேராகப் போய் விளிம்பில் இடிக்கிறது. வாங்கினவுடன் அழகுக்காக 19 அங்குல வீல் போட்டு, ஸ்பிரிங்கைக் குறைத்து வண்டியை இன்னும் இறக்குகிறவர்களைப் பார்க்கிறேன். தொப்பூர் கணவாயில் தினமும் இறங்குகிற ஊர்க்காரர் அதைச் செய்ய வேண்டாம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர்கள் கிளெய்மை மறுக்கவும் வழியுண்டு.

பள்ளம் தெரிந்த கணத்தில் செய்யும் தவறு, கடைசிவரை பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்குவது. பிரேக் பிடித்தால் வண்டியின் மூக்கு தாழும், முன் சஸ்பென்ஷன் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அடியைத் தாங்க அதற்கு இடமே இருக்காது. பள்ளத்துக்கு முன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பிரேக் போட்டு, சக்கரம் இறங்கும் நேரத்தில் காலை எடுத்துவிட வேண்டும். ஒடித்துத் திருப்புவது அதைவிட மோசம். நம் நெடுஞ்சாலை 44-இல் பக்கத்தில் எப்போதும் ஒரு கிரானைட் லாரியோ, மாங்காய் சீசனில் தலைக்கு மேல் லோடு ஏற்றிய வண்டியோ போய்க்கொண்டிருக்கும். ரிம் போனால் போகட்டும்.

அடுத்த பத்து நிமிடம்தான் முக்கியம். நான் செய்யத் தவறியது இதுதான். பாதுகாப்பான இடம் வந்ததும் ஓரம் கட்டி, ஹசார்டு விளக்கைப் போட்டு, இறங்கிப் பார்க்க வேண்டும். டோல்கேட் ஓரம், பெட்ரோல் பங்க், எதுவானாலும் சரி. தொப்பூர் இறக்கத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். அங்கே பின்னால் வரும் லாரிக்கு பிரேக் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

எதைப் பார்ப்பது? கீழே சொட்டுகிறதா என்று. ஏ.சி. தண்ணீர் என்றால் நிறமோ வாசனையோ இருக்காது, பயமில்லை. பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்று நிறத்தோடு லேசான இனிப்பு வாசனை வந்தால் அது கூலன்ட். வழவழப்பான பழுப்போ கறுப்போ என்றால் எஞ்சின் ஆயில். சக்கரத்துக்கு உள்பக்கம் எண்ணெய் மாதிரி ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். இதில் ஏ.சி. தண்ணீரைத் தவிர வேறு எதுவானாலும் வண்டியை நகர்த்தக் கூடாது.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. இந்த வண்டிகளின் அடியில் முழுக்க பிளாஸ்டிக் தட்டு மூடியிருக்கும். ஆயில் சேம்பர் விரிசல் விட்டுக் கசிந்தாலும் எண்ணெய் முதலில் அந்தத் தட்டில்தான் தேங்கும், தரையில் ஒரு சொட்டு விழாது. எனக்கு நடந்ததும் அதுவே. என் வண்டியில் ஆயில் பார்க்கிற கம்பியும் கிடையாது, அளவைத் திரையில்தான் பார்க்க வேண்டும். ஆக, அடிபட்டால் திரையில் ஆயில் அளவைப் பாருங்கள், அந்தத் தட்டின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சிவப்பு ஆயில் விளக்குக்காகக் காத்திருக்காதீர்கள். அது பிரஷர் விழுந்ததைச் சொல்லும் விளக்கு. அது எரியும்போது எஞ்சினுக்குள் தேய்மானம் ஆரம்பித்திருக்கும்.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். தருமபுரியில் பஞ்சர் கடைக்காரர் பார்த்த உடனே சொன்னார்: “சார், கன்னத்துல கொப்புளம் பாருங்க. இதோட ஓட்டிட்டு வந்தீங்களா?” நெல்லிக்காய் அளவு வீக்கம். உள்ளே டயரின் நூல் அறுந்து, காற்று ரப்பரை மட்டும் தள்ளிக்கொண்டு வந்து நிற்பதுதான் அந்தக் கொப்புளம். அதை ஒட்டவும் முடியாது, உள்ளே பேட்ச் வைக்கவும் முடியாது. எந்த வேகத்திலும் வெடிக்கலாம். “ஓசூர் வரைக்கும் மெதுவா போயிடலாமாண்ணா” என்று நான் கேட்டதற்கு அந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இந்த இடத்தில் ரன்ஃபிளாட் டயர் வைத்திருப்பவர்கள் ஒரு கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். காற்றே இல்லாமல் 80 கிலோமீட்டர் தூரம், 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டலாம் என்பது பொதுவான வரம்பு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90. ‘கொஞ்சம்தானே கூட’ என்று தோன்றும். அந்த 80 என்பது சாதாரண பஞ்சருக்கு. ரிம் வளைந்து, கன்னம் வெட்டுப்பட்ட டயருக்கு அந்த உத்தரவாதம் செல்லாது. காற்றில்லாமல் ஓட்டிய ரன்ஃபிளாட்டைத் திரும்பக் காற்றடித்து ஓட்டுவதும் தவறு. உள்பக்கம் நொறுங்கியிருப்பது வெளியே தெரியாது.

ரிம்மின் வளைவு பெரும்பாலும் உள்விளிம்பில் இருக்கும். வெளியிலிருந்து வீல் பளபளவென்று நிற்கும். வண்டியைத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தால்தான் ஆட்டம் தெரியும். 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் அதை வெறும் பேலன்சிங் என்று நினைத்து எடைத்துண்டுகளை ஒட்டிக்கொண்டே போகாதீர்கள். லேசான வளைவை மெஷினில் எடுத்துவிடலாம். தீயில் காட்டிச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தின அலாய் வீல் பலம் போனது. விரிசலை வெல்டிங் வைத்தது அதைவிட ஆபத்து. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். புதுசு வாங்க முடியாவிட்டால் நல்ல பழைய ஒரிஜினல் ரிம் தேடுங்கள்.

தூக்குவது, இழுப்பது இரண்டிலும் நம் ஊரில் அவசரம் அதிகம். டிராலி ஜாக்கை எங்கே வேண்டுமானாலும் கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். தாழ்ந்த வண்டியில் கதவுக்குக் கீழே இருக்கும் பட்டை வளைந்துவிடும், பிளாஸ்டிக் நொறுங்கும். ஜாக் வைக்கும் இடம் எது என்று மேனுவலில் பார்த்து வையுங்கள், நடுவில் வைக்க ஒரு ரப்பர் கட்டை வைத்துக்கொள்ளுங்கள். இழுப்பதற்கு ஃபிளாட்பெட் வண்டிதான். முன்பக்கத்தைத் தூக்கி, பின் சக்கரம் உருள இழுத்தால், பின் சக்கரத்தில் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டியின் கியர்பாக்ஸ் போகும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியென்றால் சொல்லவே வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கு அழைத்தால் உதவி வரும், ஆனால் என்ன மாதிரி வண்டி வேண்டும் என்பதை நாம்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் சிறிசு என்று விடும் இரண்டு சாமான்கள்: வீல் திருட்டைத் தடுக்கும் லாக் போல்ட்டைக் கழற்றும் சாவி, பம்பரில் திருகும் இழுவைக் கொக்கி. பழைய ஓனரிடமே தங்கிவிட்டிருக்கும். எனக்கு லாக் சாவி இல்லாததால் ஒரு வீலைக் கழற்ற அரை நாள் போனது. ஸ்டெப்னி கிடையாது என்பதையும் வாங்கும் அன்றே தெரிந்துகொள்ளுங்கள். டயரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கோடு ஆழமாகத் தெரிந்தாலும் பத்து வருஷ டயர் பள்ளத்தைத் தாங்காது.

இனி இன்சூரன்ஸ். உண்மையில் நான் அதிகம் இழந்தது இங்கேதான். வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி தானாக மாறிவிடும். நம் வண்டியின் சேதத்துக்கான பகுதிக்கு 14 நாளுக்குள் நாம் விண்ணப்பித்துப் பெயர் மாற்ற வேண்டும். பழைய ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வரட்டும், கே.ஏ. நம்பரை டி.என். ஆக்கிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், நடுவில் விழும் பள்ளத்துக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். நம்பரை மாற்றப் பன்னிரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது. பாலிசிக்கு அது இல்லை.

பெயர் மாறியிருந்தாலும் கணக்கு வேறு. டயர் மட்டும் போனால் சாதாரண பாலிசியில் ஒன்றும் கிடையாது, வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டால் டயர் விலையில் பாதி. பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு உலோக பாகங்களிலும் பாதியைக் கழிப்பார்கள். இப்படிக் கழிக்காமல் தரும் ‘பம்பர் டு பம்பர்’ பாலிசி இந்த வயசு வண்டிக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஆயில் சேம்பர் உடைந்தது விபத்து, தருவார்கள். உடைந்த பிறகும் ஓட்டி எஞ்சின் போனால் அது பின்விளைவு, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருக்காவிட்டால் கிடையாது. என் 30 கிலோமீட்டரின் விலை புரிகிறதா?

சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்றாதீர்கள். பள்ளம், வண்டி, பக்கத்தில் ஒரு மைல்கல்லோ போர்டோ தெரியும்படி போட்டோ எடுங்கள். அதே சமயம் சின்ன ரிம்முக்கெல்லாம் கிளெய்ம் போடவும் ஓடாதீர்கள். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் 50 சதவீதத் தள்ளுபடி சேர்த்தவருக்கு, சொந்தச் சேதப் பிரீமியம் 40,000 ரூபாய் என்றால் வருடம் 20,000 மிச்சம். 12,000 ரூபாய் வேலைக்காக அதை விடலாமா? (பழைய ஓனரின் தள்ளுபடி நமக்கு வராது என்பதையும் வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.)

பள்ளத்துக்கு அடுத்தபடி அடிவயிற்றைக் கிழிப்பது வேகத்தடை. சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரசின் அளவுப்படி அது 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போய்ப் பாருங்கள், வழியில் உள்ள எதையாவது டேப் வைத்து அளக்க ஆசை வரும். நேராக ஏறாமல் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

ரோட்டுக்குப் பொறுப்பானவர்களிடம் நஷ்டஈடு கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198ஏ பிரிவு ஒரு லட்சம் வரை அபராதம் சொல்கிறது, ஆனால் உயிர் போனாலோ உடல் ஊனமானாலோதான். ரிம்முக்கு அது உதவாது. மாநில நெடுஞ்சாலைப் பள்ளத்தை ‘நம்ம சாலை’ செயலியில் போட்டோவோடு பதிவு செய்யலாம், தேசிய நெடுஞ்சாலைக்கு 1033. நானும் புகார் கொடுத்தேன். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பள்ளத்தை மூடியிருந்தார்கள். மூடிய இடம் இப்போது ரோட்டைவிட இரண்டு அங்குலம் மேடு. சாய்வாகத்தான் ஏறினேன்.