ஸ்பானிஷில் போவதும் கிளம்புவதும்: இர், இர்ஸே குழப்பம் தீர

வாசலில் மணி அடிக்கிறது. உள்ளிருந்து "யா போய்!" என்று குரல் கொடுத்தால் "இதோ வர்றேன்" என்று பொருள். அதையே "யா மே போய்!" என்றால் "சரி, நான் கிளம்பறேன்". நடுவில் நுழைந்த ஒரு 'மே' ஆளைத் திசைதிருப்பி விடுகிறது. (இங்கே போய், பாஸ், பாமோஸ் எல்லாவற்றிலும் 'பஸ்'ஸில் வரும் ப.)

படி 1: எதைச் சொல்ல வருகிறீர்கள்?

எங்கே போகிறோம் என்பது முக்கியமானால் இர். "போய் அல் மெர்காதோ", அதாவது சந்தைக்குப் போகிறேன். இருக்கும் இடத்தை விட்டு நகர்வது முக்கியமானால் இர்ஸே. அப்போது போகும் இடத்தைச் சொல்லவே வேண்டாம். "மே போய்" என்பதே முழு வாக்கியம்.

தமிழில் 'கிளம்பு' அல்லது 'போய்விடு' பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் பெரும்பாலும் இர்ஸேதான். "கரண்ட் போயிடுச்சு" என்பதற்கு ஸ்பானிஷிலும் "ஸே ஃபுவே லா லூஸ்" என்றுதான் சொல்வார்கள். போகும் இடத்தைச் சேர்த்தும் சொல்லலாம்: "மே போய் ஆ மாட்ரிட்" என்றால் இந்த ஊரை விட்டு மாட்ரிட்டுக்குக் கிளம்புகிறேன் என்ற தொனி.

படி 2: ஆளுக்கேற்ற ஒட்டு

இர்ஸேயில் வினையோடு சேர்ந்து வரும் மே, தே, ஸே போன்ற சிறு சொல்தான் ஒட்டு; ஆளுக்கு ஆள் மாறும். நிகழ்காலம்: மே போய் (நான்), தே பாஸ் (நீ), ஸே பா (அவர், மரியாதைக்குரிய நீங்கள்), நோஸ் பாமோஸ் (நாம்), ஓஸ் பாய்ஸ் (ஸ்பெயினில் நீங்கள் எல்லாரும்), ஸே பான் (அவர்கள்). லத்தீன் அமெரிக்காவுக்காகப் படிப்பவர்கள் 'ஓஸ் பாய்ஸ்' பக்கமே போக வேண்டாம். அங்கே 'நீங்கள் எல்லாரும்' என்பதற்கும் ஸே பான்தான்.

இறந்தகாலம்: மே ஃபுய், தே ஃபுயிஸ்தே, ஸே ஃபுவே, நோஸ் ஃபுய்மோஸ், ஸே ஃபுவேரோன். 'ஃபுவே' என்பது 'இருந்தார்' என்ற பொருள் தரும் ஸேர் வினைக்கும் இறந்தகாலம். முன்னால் 'ஸே' நின்றால் "போய்விட்டார்" என்று தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: ஒட்டு எங்கே நிற்கும்?

காலம் காட்டும் வினைக்கு முன்னால், இல்லையென்றால் மூலவினையின் (இர் போன்ற, காலம் காட்டாத வடிவத்தின்) வாலில். "நான் போகணும்" என்பதற்கு "மே தெங்கோ கே இர்", "தெங்கோ கே இர்மே" இரண்டும் சரி. "தெங்கோ கே இர்ஸே" தவறு. அகராதியில் இர்ஸே என்று பார்த்ததை அப்படியே எடுத்துப் போடுவதால் வரும் பிழை இது. எவ்வளவு திருத்தினாலும் மாணவர்களிடம் திரும்பத் திரும்ப வரும்.

ஏவலில் ஒட்டு பின்னால் போகும்: பேதே (போயிடு, கொஞ்சம் விரட்டுகிற தொனி, பெரியவர்களிடம் பாயாஸே). 'பாமோஸ்' உடன் 'நோஸ்' சேரும்போது நடுவிலுள்ள ஸ் விழுந்து 'பாமோனோஸ்' ஆகிறது: வாங்க, கிளம்பலாம். எதிர்மறையில் ஒட்டு மறுபடி முன்னால் வந்துவிடும்: நோ தே பாயாஸ், போகாதே.

படி 4: ஸாலிர், ஸாலிர்ஸே

வெளியே வருவது, புறப்படுவது ஸாலிர். "ஸால்கோ தே காஸா ஆ லாஸ் ஓச்சோ": எட்டு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறேன். ரயில் புறப்படுவதும் 'ஸாலே'தான். 'எல் த்ரென் ஸே ஸாலே' என்றால் ரயில் தடம் புரள்கிறதோ என்று கேட்பவர் பதறுவார். வரக்கூடாத இடத்திலிருந்து, வரக்கூடாத விதத்தில் வெளியேறுவதுதான் ஸாலிர்ஸே: பால் பொங்கி வழிவது, குழாய் ஒழுகுவது, கூட்டம் முடியும் முன்பே எழுந்து போவது.

மார்ச்சார்ஸே, ஸ்பெயினில் அதிகம் கேட்கும் சொல். பொருளில் இர்ஸேக்கு இணை. ஸ்பெயினின் வடக்கிலுள்ள ஆஸ்துரியாஸ் பக்கம் 'ஸே' இல்லாமல் வெறும் "மார்ச்சோ" என்றே "கிளம்பறேன்" சொல்வார்கள். மற்ற இடங்களில் ஒட்டோடு சொல்லிப் பழகுங்கள்.