நடுவயதில் கிடைத்த செகா சாட்டர்ன்: சிங்கப்பூர் வீட்டில் அதை இயக்கும் முறை

1994 நவம்பர் 22ஆம் தேதி ஜப்பானில் வெளிவந்த செகா சாட்டர்ன் என்னும் தொலைக்காட்சி விளையாட்டு இயந்திரத்தை ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் நான் முதன்முதலாகத் தொட்டேன். பதினொரு நாள் கழித்து வந்த போட்டி இயந்திரமான பிளேஸ்டேஷன் உலகெங்கும் 10 கோடிக்கு மேல் விற்றது. சாட்டர்ன் 1 கோடியைக்கூட எட்டவில்லை. அதன் இரண்டு மையச் செயலிகளையும் ஒருசேர வேலைவாங்குவது நிரல் எழுதுவோருக்குப் பெரும்பாடாக இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் கையால் வரைந்த உருவங்களைத் திரையில் ஓடவிடுவதில் அது எவ்வளவு தேர்ந்தது என்பதை ஒருமுறை பார்த்தவர்கள், இத்தனை காலம் இதை எப்படித் தவறவிட்டோம் என்று நிச்சயம் வருந்துவார்கள்.

வாங்குவதானால் ஜப்பானியப் பதிப்பையே வாங்குங்கள். மேற்கு நாடுகளில் வெளிவராத நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் அதற்கு உண்டு; அதோடு, ஐரோப்பியப் பதிப்பு 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 முறை மட்டுமே படத்தைப் புதுப்பித்து, இயங்குவதால் பல விளையாட்டுகள் அதில் வேகம் குறைந்து ஓடுகின்றன. பழைய பொருள்களை விற்கும் செயலியான கரோசலில் பேசி முடித்து எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கைமாற்றிக்கொள்ளும் முன்பே, இயந்திரம் வட்டைப் படித்து விளையாட்டைத் தொடங்கும் காணொளியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மின்சாரம். ஜப்பானிய சாட்டர்ன் 100 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டுச் சுவரில் இருப்பதோ 230 வோல்ட். மின்வழங்கிப் பலகை இயந்திரத்துக்குள்ளேயே இருப்பதாலும், அதன் கம்பி வானொலிப் பெட்டிக்குப் போடும் சாதாரணக் கம்பியைப் போலவே இருப்பதாலும், வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு கம்பியை எடுத்து நேராகச் சொருகிவிடும் ஆபத்து மிக அதிகம். எனக்கு முதலில் கிடைத்த இயந்திரத்தை யாரோ அப்படித்தான் சொருகியிருக்கிறார்கள்: மூடியைக் கழற்றியதும் கருகிய வாடை அடித்தது, பலகையின் ஒரு மூலை காப்பி நிறத்தில் தீய்ந்திருந்தது. மூன்று முனைச் சொருகிக்கு ஏற்ற அடாப்டர் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. ஆகவே 230 வோல்ட்டை 100 ஆகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கிவிடுங்கள். 100 வாட் தாராளமாகப் போதும். இயந்திரத்தின் பின்புறம் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவை உங்கள் கண்ணாலேயே படித்து உறுதிசெய்யாமல் எதையும் சொருகாதீர்கள்.

இயக்கியதும் ஒவ்வொரு முறையும் மொழியையும் தேதியையும் கேட்டால், உள்ளே இருக்கும் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். பின்புறச் சிறு மூடியைத் திறந்து சிஆர்2032 மின்கலத்தை மாற்றினால் போதும்; எந்த வட்டாரக் கடையிலும் கிடைக்கும். ஆட்டத்தின் முன்னேற்றத்தைச் சேமிக்கும் 32 கிலோபைட் நினைவகமும் இந்த மின்கலத்தை நம்பியே இருக்கிறது என்பதால், அரிய சேமிப்புகளை, இயந்திரத்தில் செருகும் சேமிப்பு அட்டை ஒன்றில் நகலெடுத்து வைப்பது நல்லது.

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை, 2019இல் அனலாக் ஒளிபரப்பு நின்றபின் பலரும் தூக்கிப்போட்ட பழைய படக்குழாய்த் (சிஆர்டி) தொலைக்காட்சிதான் இதற்கு மிகப் பொருத்தம். ஏவி நுழைவாயும், ஜப்பானியக் காட்சி முறையான என்டிஎஸ்சியைக் காட்டும் வசதியும் இருந்தால் போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அதற்கு இடமில்லை என்றால், பழைய காட்சிக் குறிப்பலையை எச்டிஎம்ஐக்கு மாற்றித் தரும் தரமான கருவியை வாங்குங்கள். மலிவான மாற்றிகள் இந்த இயந்திரம் அனுப்பும் 240 கோட்டுப் படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு மங்கலாக்கிவிடும், பொத்தானை அழுத்துவதற்கும் உருவம் அசைவதற்கும் நடுவே தாமதத்தையும் உண்டாக்கும். சண்டை விளையாட்டில் அந்தத் தாமதம் உடனே தெரியும்.

நம் ஊர் ஈரப்பதம், வட்டைப் படிக்கும் லென்ஸுக்கும் வட்டுகளுக்கும் எதிரி. நிழற்படக்காரர்கள் கேமராவை வைக்கும் உலர்பெட்டியில் வட்டுகளை வையுங்கள். வட்டு படிக்கத் திணறினால், கம்பியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் லென்ஸை மெல்லத் துடையுங்கள். அட்டைச் செருகியின் தொடுமுனைகளும் நாளடைவில் மங்குபவை. ஆட்டம் ஓடும்போது பயன்படும் 4 மெகாபைட் கூடுதல் நினைவக (ரேம்) அட்டை இல்லாமல் ஓடாத 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' போன்ற விளையாட்டு திடீரென நின்றுபோனால், முதலில் அந்த அட்டையின் பொன்னிற முனைகளைத் துடைத்துப் பாருங்கள்.

ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் 1995இன் 'வர்ச்சுவா ஃபைட்டர் 2'இல் தொடங்கலாம். பிறகு 1996இன் பறக்கும் விளையாட்டான 'நைட்ஸ்'. பின்னதை, அதனுடன் வெளிவந்த வட்டக் கைப்பிடி கிடைக்கும்வரை காத்திருந்து விளையாடுங்கள். பறக்கும் வளைவுகளைச் சாதாரணத் திசைப் பொத்தானால் முழுமையாக உணர முடியாது.